ஸ்டீலில் ஒட்டாத படலம்

ஒரு பாத்திரத்தைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் இரண்டே வகை: பசியோடு வந்த விருந்தாளிகள், அப்புறம் எங்களைப் போன்ற மென்படல ஆய்வாளர்கள். விருந்தாளிகளுக்கு அரை மணி போதும். எங்களுக்கு ஒரு பகல் வேண்டும்.

தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்டா அளவுக்கு ஒரு ஸ்டீல் சேம்பர். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, கொஞ்சூண்டு ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால் வாயு ஒளிவிடும். அதற்குப் பேர் பிளாஸ்மா. அது டைட்டானியத் தகட்டை அடித்து அடித்து அணு அணுவாகப் பெயர்க்கும். பெயர்ந்தது, கூடவே விடுகிற ஆக்சிஜனோடு சேர்ந்து, எதிரே வைத்த ஸ்டீல் துண்டில் படலமாகப் படியும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் வருஷக்கணக்காகச் செய்தது இதைத்தான். என் படலம் வருஷக்கணக்காக உரிந்துகொண்டிருந்தது.

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை, தங்கள் பம்பின் தண்டை அமிலம் அரிக்காமல் இருக்க இப்படி ஒரு பூச்சு கேட்டிருந்தது. படலம் ஒட்டினால் ஆய்வேடு, பட்டம், அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை. ஒட்டாவிட்டால் பி.எட். இந்த இரண்டாவது யோசனை என் மாமனாருடையது. அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன என் இனத்தாரே, உங்களிடம் சொல்லாமல் இதையெல்லாம் நான் யாரிடம் சொல்வது?

நான்கு திசைக்கும் பொட்டு

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம். பம்பைப் போட்டு மத்தியானம் வரை காத்திருந்தும் காற்று முழுசாக வெளியேறவில்லை. சரி, போகட்டும் என்று பிளாஸ்மாவை ஏற்றினேன். ஆர்கான் என்றால் நல்ல ஊதாவாகத் தெரிய வேண்டும். அன்றைக்கு ரோஸ் கலரில் தெரிந்தது. வெளிக்காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு இணைப்பாக முறுக்கினேன், ஓட்டை தேடி ஒவ்வொரு குழாயிலும் அசிட்டோன் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை.

கடைசியில் மூடியைத் தூக்கினால், அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தின் மேல் நான்கு திசைக்கும் அழகாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். காற்றே புகக்கூடாத இடம் அது. தலைமுடி ஒன்று விழுந்தாலே போச்சு. எங்கள் ஆய்வக உதவியாளர் செல்வராஜ் அண்ணன் பூஜையைக் குறைவில்லாமல் செய்திருக்கிறார். வெளியில் வைத்தால் நான் துடைத்துவிடுவேன் என்று உள்ளே வைத்தாராம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நிற்கவில்லை. துடைக்கத் துணியை எடுத்தபோது பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "வளையத்துக்குத்தாம்மா வேல ஜாஸ்தின்னு நீதான சொன்ன, அதான் அதுக்கு வெச்சேன்."

மாமாவின் விளக்கம்

குமராட்சிப் பக்கம் எங்கள் வீடு. காலையில் மினி பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் எல்லோருக்கும் கேள்வி. மாமாவும் ஒருநாள் கேட்டார். புரிய வைத்துவிடுவது என்று உட்கார்ந்தேன். "நம்ம கூடத்துல எரியுதே டியூப்லைட்டு, அதுக்குள்ள இருக்கிறதும் பிளாஸ்மாதான் மாமா. அந்த மாதிரி ஒண்ண உண்டாக்கி, அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு அளக்குறேன்." தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு ஒரு வகுப்பு எடுத்து முடித்த திருப்தி.

அந்த வாரமே கூடத்து டியூப்லைட் மினுக் மினுக்கென்று உயிரை வாங்க ஆரம்பித்தது. ஸ்டார்ட்டரைத் திருகினேன், குழாயைத் தட்டினேன், கழற்றி மாட்டினேன். அதுவும் மினுக்கிக்கொண்டேதான் இருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் மாமா பெருமை குறையாமல் சொன்னார்: "எங்க மருமவ இத அளக்கத்தான் படிச்சிருக்கு, எரிய வெக்க வேற ஆளுதான் வரணும்."

தேர் நகர்ந்தால் கரண்ட்

ஆனித் தேரன்று ஒரு ரன், அதாவது ஒரு முழுப் பூச்சு, போட்டது என் தப்பில்லை. பம்ப் ஒரு வாரம் ஓடிக் காற்றை இறைத்து அன்றைக்குத்தான் சேம்பர் ஒழுங்குக்கு வந்திருந்தது. தேர் வரும்போது வீதிக் கம்பிகளில் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். எங்கள் கல்லூரி இருப்பதும் தேரோடும் வீதிக்குப் பக்கத்தில். பாதிப் படலத்தில் எல்லாம் அணைந்தது. மின்வாரியத்துக்குப் போன் போட்டால், தேர் எங்கள் பக்கத்தைத் தாண்டினால்தான் லைன் என்றார்கள். தேரோ திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தது.

இருட்டான ஆய்வகத்தில் உட்கார்ந்து என்ன செய்ய? போய் நானும் வடத்தைப் பிடித்தேன். வேண்டுதல் என்று ஒன்றும் இல்லை, தேர் சீக்கிரம் நகர்ந்தால் போதும். இழுக்கிற வேகத்தில் முன்னால் இருந்தவர் முதுகில் மோதினேன். திரும்பினார். வேர்த்து விறுவிறுத்து நின்றது எங்கள் புரொபசர், என் ஆய்வின் நெறியாளர். என்னைப் பார்த்து அவருக்கு ஆச்சரியமே இல்லை. "நல்லா புடிச்சு இழும்மா, என்னோட ஃபர்னஸும் அங்க ஆறிக்கிட்டு இருக்கு."

ஒட்டிய ஒரே இடம்

பிளாஸ்மாவின் அடர்த்தியை அளக்க, சேம்பருக்குள் ஒரு மெல்லிய டங்ஸ்டன் கம்பியை நீட்டி வைப்போம். புரோப் என்போம். அது சொல்லும் அளவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. பிளாஸ்மா ஏன் இளைக்கிறது என்று நான் ஒரு கோட்பாடே எழுதி, பத்துப் பக்கத்துக்குச் சமன்பாடு போட்டு வைத்திருந்தேன். படித்தால் எனக்கே மரியாதை வரும்.

கடலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் ஆரோக்கியராஜ் எனக்கு ஜூனியர் ஆய்வாளன். எதையும் ஒரு தரம் கழற்றிப் பார்த்துவிட வேண்டும் என்கிற வியாதி உள்ளவன். புரோப்பை வெளியே உருவினான். கம்பி முழுக்க மயில் கழுத்து நிறத்தில் பளபளத்தது. பிளாஸ்மா இளைக்கவில்லை. கரண்ட் கடத்தாத என் படலமே கம்பியின் மேல் படிந்து அளவைக் கெடுத்திருக்கிறது. பத்துப் பக்கமும் குப்பைக்கு. எரிச்சலில் அந்தப் படலத்தை நகத்தால் சுரண்டினேன், பிளேடால் சுரண்டினேன், டேப் ஒட்டி இழுத்தேன். அசைவேனா என்றது. ஆரோக்கியராஜ் என் கையிலிருந்து கம்பியை வாங்கிக்கொண்டான்: "அக்கா, இத்தினி வருஷத்துல உங்க படலம் ஒட்டுன ஒரே எடம் இதுதான், இதையும் ஏன் சொரண்டுறீங்க?"

அமிலத்திலிருந்து எடுத்தபோது

அவன் கேட்டபிறகு கம்பியைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ஸ்டீலில் ஒட்டாதது கம்பியில் ஏன் ஒட்டியது? உலோகம் வேறு என்பதைத் தவிர, கம்பிக்கும் ஸ்டீலுக்கும் ஒரே வித்தியாசம்தான். அளப்பதற்காகக் கம்பியைப் பெரும்பாலும் எதிர் மின்னழுத்தத்தில் வைத்திருந்தோம். அது பிளாஸ்மாவின் அயனிகளைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. அவை வந்து மோதி மோதிப் படலத்தை இறுக்கிவிட்டிருக்கின்றன. மற்றவர்கள் இதை வேறு படலங்களுக்குச் செய்திருக்கிறார்கள், நானும் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். மறுநாள் ஸ்டீல் துண்டுக்கும் அதே மாதிரி எதிர் மின்னழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுத்தோம். டேப் ஒட்டி இழுத்தேன். டேப் மட்டும் வந்தது.

பூச்சு போட்ட தண்டு ஒன்றும் போடாதது ஒன்றும் சிப்காட்டுக்குப் போயின. அங்கே பராமரிப்புப் பொறியாளர் பஷீர் சார் இரண்டையும் அமிலத் தொட்டியில் தொங்கவிட்டார். சில வாரம் கழித்துக் கூப்பிட்டார். கடலூர் போய் இறங்கும்வரை பி.எட். விண்ணப்பம்தான் கண்ணில் நின்றது. தொட்டியிலிருந்து முதலில் தூக்கியது பூச்சில்லாதது. எறும்பு தின்ற வெல்லக்கட்டி மாதிரி இருந்தது. அடுத்ததைத் தூக்கினார். தண்ணீரில் கழுவினார், துடைத்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்ட அன்றைக்கு இருந்த அதே மயில் கழுத்து நிறம். அவர் தண்டைக் கீழே வைக்க மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "எப்ப சேர்றீங்கன்னு சொல்லுங்க மேடம், ஆனா இவ்ளோ அழகா போடாதீங்க, எங்க ஆளுங்க பம்புல மாட்டாம ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிடுவாங்க."

கண்ணுக்கே தெரியாத தடிமனில் எதையோ பூசி, அது உரியவில்லை என்பதற்காகக் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள் என்றால், அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்கள் நம் தொழிலில் மட்டும்தான் இருப்பார்கள்.