டயருக்கு அடித்த பளபளப்பு

ஒரே ஒரு வாக்கியத்துக்காக ஏழு வருஷம் காத்திருந்தேன். என் நாத்தனாரின் கணவர் வாயால் அது வர வேண்டும். குடும்பத்தார் முன்னால் வர வேண்டும். அன்றைக்கு நான் விழுந்தது வேகத்தால் அல்ல, அவர் செய்த வேலையால் என்று அவரே சொல்ல வேண்டும். பெருந்தன்மையாக மறந்துவிடு என்று பலர் புத்தி சொன்னார்கள். எனக்குப் பெருந்தன்மை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இரண்டு குடும்பத்துக்கும் ஆயுத பூஜை ஹென்டர்சனில் எங்கள் வீட்டு கராஜில்தான் நடக்கும். நாத்தனார் குடும்பம் பக்கத்துப் பேட்டையான மாசியிலிருந்து கார்களைக் கொண்டுவந்துவிடும். வண்டிகளைக் கழுவித் துடைப்பது, சந்தனம் குங்குமம் வைப்பது, எங்கள் கொல்லை மரத்து எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பது எல்லாம் நாத்தனார் கணவரின் பொறுப்பு. அதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. கடைசியாக டயரைக் கறுகறுவென்று மின்ன வைக்க ஒரு ஸ்ப்ரே அடிப்பார்.

அந்த வருஷம் நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது, கார் டயர்களை முடித்த கையோடு என் பைக்கின் இரண்டு டயர்களுக்கும் அடித்துவிட்டார். காருக்குப் பக்கவாட்டில் மட்டும் அடித்தவர், பைக்குக்குச் சுற்றிச் சுற்றி முழுதாகவே அடித்திருக்கிறார். பைக் சாய்ந்து திரும்பும்போது தரையைப் பிடித்துக்கொள்வதே அந்த டயரின் ஓரம்தான். அதில் போய் அந்த ஸ்ப்ரேயை அடிப்பது மாடிப்படியில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம்.

மறுநாள் புக்கெகோஹி பந்தயத் தடத்தில் எனக்கு டிராக் நாள். பந்தயமெல்லாம் கிடையாது. பைக்கைச் சோதனைக்குக் காட்டிவிட்டு, தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு, போலீஸ் பயமில்லாமல், எதிரே லாரி வராமல், நம்மால் முடிந்தவரை ஓட்டலாம். கோயம்புத்தூரில் கல்லூரிக் காலத்தில் தொற்றிக்கொண்ட பைத்தியம் அது. இங்கே வந்து விசா, வேலை, குழந்தை என்று எல்லாம் ஆன பிறகும் விடவில்லை. டயர் மின்னியதை நான் பூஜைக்குத் துடைத்த மினுக்கம் என்று நினைத்தேன்; பார்த்தவர்கள் புது டயர் என்று நினைத்து, முதல் சுற்று மெதுவாகப் போ என்றார்கள். மெதுவாகத்தான் போனேன். முதல் இடது திருப்பத்தில் லேசாகச் சாய்ந்ததும் பின்சக்கரம் என் அடியிலிருந்து ஓடிப்போய்விட்டது. தோள்பட்டை எலும்பு உடைந்தது.

பைக் வீடு வந்து சேர்ந்ததும் டயரின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். விரல் வழுக்கியது. அலமாரியில் ஸ்ப்ரே டப்பா இருந்தது. கையில் கட்டோடு அவரிடமே கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, பைக் டயருக்கும் இதை அடிச்சீங்களா?"

"ஆமா, பூஜைக்கு வண்டி பளபளன்னு இருக்க வேண்டாமா? அதுக்கும் நீ விழுந்ததுக்கும் என்னம்மா சம்பந்தம்? வேகமாப் போனே, விழுந்தே."

என் கணவர் என்னைத் தனியே கூட்டிப் போனார். "தெரியாமப் பண்ணிட்டார். இதைப் பெருசு பண்ணாதே. அக்கா சங்கடப்படுவா." அக்காவின் சங்கடத்துக்காக என் எலும்பு வாயை மூடிக்கொண்டது.

நாத்தனார் கணவர் வாயை மூடவில்லை. எந்த வீட்டு விருந்தானாலும், கையில் தட்டோடு நின்று நான் விழுந்த கதையைச் சொல்வார். சொல்லச் சொல்ல என் வேகம் கூடிக்கொண்டே போனது. "எங்க வீட்டு ரேஸ் ராணி" என்று ஆரம்பித்தாலே எல்லாரும் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ஒருமுறை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த யாழ்ப்பாணத்து அக்கா, அதற்குமுன் நான் பார்த்தே இராதவர், பேச்சுவாக்கில் நான் யார் வீட்டு மருமகள் என்று தெரிந்ததும் கேட்டார்: "ஓ, நீங்கள்தானோ அது? சின்னப் பிள்ளையை வீட்டில விட்டிட்டுக் கண்மண் தெரியாமல் ஓடி விழுந்தவா எண்டு கதைச்சவை." பிரிட்டோமார்ட் ஸ்டேஷன் வரும்வரை நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பைக் கண்ணில் பட்டால் எனக்கு மறுபடி ஆசை வரும் என்று சொல்லி அதையும் நாத்தனார் கணவரே எடுத்துப்போனார். பழுதுபார்த்தார். அதிலேயே டிராக்குக்கும் போக ஆரம்பித்தார். என் பைக்கின் மேல் சாய்ந்தபடி அவர் எடுத்துக்கொண்ட படங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வரும். எல்லாரும் கைதட்டும் பொம்மை போடுவார்கள். என் கணவரும் போடுவார். அன்று இரவு அவருக்குத் தோசை கருகியே வரும்.

இதையெல்லாம்கூட ஒருவேளை ஆறப்போட்டிருப்பேன். ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த பைக் எங்கள் கராஜுக்கு வந்தது, நான் கவனித்தேன். கார் டயர்களுக்கெல்லாம் ஸ்ப்ரே அடிப்பார். பைக் பக்கம் வந்ததும் டப்பாவை மூடி வைத்துவிடுவார். டேங்க்கில் சந்தனம் வைப்பார், கண்ணாடியில் பூ சுற்றுவார், டயரைத் தொடவே மாட்டார். அப்படியென்றால் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தட்டும் கையுமாக என் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்குள் ஏதோ கெட்டியாக உறைந்துவிட்டது.

போன வருஷம் பழைய சின்ன பைக் ஒன்றை வாங்கினேன். கணவர் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். தோல் உடுப்பின் ஜிப் வயிற்றுக்கு மேல் ஏற மறுத்தது. மகள்தான் முழங்காலை என் இடுப்பில் ஊன்றி இழுத்துவிட்டாள். "Mum, breathe in" என்றாள். புக்கெகோஹி டிராக்கை மூடிவிட்டதால், இப்போது தெற்கே இன்னும் தள்ளிப் போக வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாளாகப் பார்த்து, அவர் சேர்ந்திருந்த அதே குழுவில் நானும் சேர்ந்தேன். அவர் மகிழ்ந்துபோனார். "வாம்மா, எப்படிப் பாதுகாப்பா ஓட்டணும்னு சொல்லித் தரேன்" என்று சொல்லி, வேடிக்கை பார்க்க இரண்டு குடும்பத்தையும் கிளப்பிவிட்டார்.

பூஜை முடிந்து எல்லாரும் உள்ளே சாப்பிடப் போன பிறகு நான் மட்டும் கராஜில் இருந்தேன். இரண்டு பைக்கும் அருகருகே நின்றன. ஸ்ப்ரே டப்பா அதே அலமாரியில் இருந்தது. எடுத்துக் குலுக்கினேன். உள்ளே இருந்த குண்டு கடகடவென்றது. அவர் டிராக் ஓரத்துச் சரளையில் உருண்டுபோவது கண்முன்னே தெரிந்தது. நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு டப்பாவை என் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை டிராக்கில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. எங்கள் குழுவை அழைத்துவிட்டார்கள். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் பழைய பைக்கில் ஏறி உட்கார்ந்து, படமெடுக்கச் சொல்லி மனைவியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பக்கத்தில் என் கணவர், பிள்ளைகள், மாசியிலிருந்து அவர்கள் கூட்டிவந்திருந்த இரண்டு நண்பர்கள். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து அவர் பைக்கின் டேங்க் மேல் வைத்தேன்.

"அண்ணா, நேத்து நீங்க மறந்துட்டீங்க. உங்க டயரு ரெண்டுக்கும் நானே அடிச்சு விட்டுட்டனுங்க. சுத்தி முழுசா. பூஜைக்குப் பளபளன்னு இருக்க வேண்டாமுங்களா?"

அவர் டப்பாவைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். பிறகு பைக்கிலிருந்து குதித்து இறங்கிய வேகத்தில் டப்பா உருண்டு போனது.

"உனக்குப் பைத்தியமா? பைக் டயர்ல போய் யாராவது இதை அடிப்பாங்களா? முதல் திருப்பத்துலயே தூக்கி எறிஞ்சிடுமே! ஆளைக் கொல்லப் பார்த்தியா?"

அவர் கத்தியதில் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையுறையை நிதானமாக மாட்டினேன்.

"அதுக்கும் விழறதுக்கும் என்னங்கண்ணா சம்பந்தம்?"

என் நாத்தனார் படமெடுக்கத் தூக்கியிருந்த போனை மெல்லக் கீழே இறக்கினார். "ஏங்க," என்றார், "அன்னிக்கு அவ வண்டிக்கு நீங்கதானே அடிச்சீங்க?" அவர் கணவர் தரையில் மண்டியிட்டு, கழற்றிய கையுறையால் டயரைத் தேய்க்க ஆரம்பித்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

நான் காத்திருந்த வாக்கியம் வந்துவிட்டது. நான் யோசித்து வைத்திருந்ததைவிட நல்ல வாக்கியம்.

கிளம்பினேன். முதல் சுற்று மெதுவாகவே போனேன். இடது திருப்பம் வந்தபோது தோள்பட்டையில் உடைந்த இடம் தானாகவே இறுகியது. சாய்ந்தேன். டயர் பிடித்தது. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன், அப்போதும் பிடித்தது. ஹெல்மெட்டுக்குள் கத்தினேனா அழுதேனா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

நேர்ப்பாதையில் வரும்போதெல்லாம் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவர் குனிந்து டயரைத் தேய்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. யாரிடமோ துணி வாங்கியிருந்தார், வாளித் தண்ணீர் வாங்கியிருந்தார். நாள் முழுக்க அவர் ஒரு சுற்றுகூடப் போகவில்லை. விரலால் தொட்டுப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், நம்பிக்கை வராமல் மறுபடி தேய்ப்பார்.

அந்த டயரில் நான் ஒரு சொட்டுகூட அடிக்கவில்லை. அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.