ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கவுண்டி

தம்பி அமெரிக்காவில் பிடிபட்டுவிட்டான் என்ற செய்தி வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "உந்தக் கவுண்டிக்கு ஆர், பிள்ளை, ஜீ.ஏ.?"

அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், வாழ்நாளெல்லாம் கடிதம் எழுதும் லிகிதராக இருந்தவர். ஜீ.ஏ. என்று நாங்கள் சொல்லும் அந்த அதிபர் மனம் வைத்தால் மாவட்டத்தில் நடக்காத காரியம் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் ஸ்காபரோவில் என்னோடு அடுக்குமாடியில் குடியிருந்தபோதும் அதை அவர் விடவில்லை.

தம்பி நியூயோர்க்கில் இறங்கி, எங்களிடம் வருவதற்காகக் கனடா எல்லையை நோக்கி வந்த பஸ்ஸில் பிடிபட்டான். குடிவரவு அதிகாரிகள் அவனை ஒரு கவுண்டிச் சிறையில் அடைத்திருந்தார்கள். விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி என்று சொன்னதே நான்தான்; அதன் ஜீ.ஏ. யாரென்று தெரியாது என்று சொல்லி வாய் மூடவில்லை, அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

அந்தக் கவுண்டியின் சரித்திரப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தார்கள். அப்பா சோதனைக்குப் படிக்கிறவர் போலப் படித்தார். சாப்பாட்டு மேசையில் எனக்கும் அதே பாடம். பெரிய கவுண்டி ஒன்றைப் பிரித்துத்தான் இதை உண்டாக்கினார்களாம். குறுக்கே பழைய கால்வாய் ஓடுகிறதாம். எங்கு பார்த்தாலும் அப்பிள் தோட்டமாம். வடக்கு எல்லை ஒன்டாரியோ ஏரி.

"அப்ப எங்கடை ஏரிதான்," என்றார், காணிக்கு எல்லை பார்த்தவர் போல. நான் வழக்கறிஞர் தேடி நாயாய் அலைந்துகொண்டிருந்தேன். இவர் அப்பிள் மரம் எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்சி பற்றிய அத்தியாயத்தில்தான் அவருக்கு இடறியது. கவுண்டியை நடத்தும் சபையின் உறுப்பினர்களை மக்கள் தெரிவு செய்தார்கள். சிறைக்குப் பொறுப்பான ஷெரிஃபையும் மக்களே தெரிவு செய்தார்கள். சினிமாப் படத்தில் ஷெரிஃப் என்று குதிரையில் வருகிற ஆள் வீடு வீடாக வாக்குக் கேட்பாரா என்று அப்பா இரண்டு நாள் யோசித்தார். ஜீ.ஏ.யை மட்டும் எந்தப் பக்கத்திலும் காணவில்லை.

"எல்லாரும் வோட்டிலை வந்தால் ஆர் ஆரைக் கேக்கிறது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி சிறையிலிருந்து எங்கள் செலவில் கலெக்ட் கோல் எடுப்பான். நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு முடிக்குமுன் அப்பா ரிசீவரைப் பறித்துவிடுவார்.

"தம்பி, உனக்கு வடக்காலை ஏரி. ஏரிக்கு இஞ்சாலை நாங்கள். ஜன்னலாலை எட்டிப் பார்."

"இஞ்சை ஜன்னல் இல்லை அப்பா."

அப்பா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "சரி, வடக்கை தலை வைச்சு மட்டும் படுக்காதை," என்றார்.

"எது வடக்கெண்டு தெரியேல்லை அப்பா."

நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

அப்பா சபைத் தலைவருக்கும் ஷெரிஃபுக்கும் கச்சேரி ஆங்கிலத்தில் மனு எழுதினார். பதில் வரவில்லை. கடைசியில் தொலைபேசியிலேயே கூப்பிட்டார். எடுத்த பெண் நல்லவள்; பொறுமையாக விளக்கினாள். சபையாலும் முடியாதாம், ஷெரிஃபாலும் முடியாதாம். மத்திய அரசாங்கம் கொண்டுவந்து விடுகிற ஆட்களுக்கு அவர்கள் இடம் மட்டும் கொடுக்கிறார்களாம். ரிசீவரை வைத்துவிட்டு அப்பா என்னைப் பார்த்தார்.

"கட்டில் மட்டும்தான் அவையின்ரையாம், பிள்ளை."

ஆனாலும் அவர் ஓயவில்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற ஊரில் இரக்கமுள்ள பெரியவர் ஒருவர் இருக்கத்தானே வேண்டும் என்றார். அந்தப் பெரியவரைத் தேடி வாஷிங்டனுக்கு எழுதத் தொடங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரவில்லை. அடுத்த வாரம் வந்தது, கொழும்பிலிருந்து.

"ஏத்தி அனுப்பிப் போட்டாங்கள் அக்கா," என்றான் தம்பி. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் நின்றான். சண்டையால் ஊருக்குப் போகவும் வழியில்லை, அங்கே நிற்கவும் பயம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, லொட்ஜ்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆமியும் பொலிஸும் செய்த சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோய்விட்டார்களாம். எங்கே என்று கேட்டதற்குத் தெரியாது என்றார்.

அப்பா கதிரையில் அப்படியே இருந்தார். நான் தாளும் பேனாவும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கொழும்பில் எந்த அமைச்சுக்கு எழுதுவது, எவருக்குப் பிரதி போடுவது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கூட வேலை செய்தவர்கள் சிலர் அப்போது பெரிய பதவிகளில் இருந்தார்கள்.

"எழுதுங்கோ அப்பா," என்று கெஞ்சினேன்.

அவர் பேனாவைத் தொடவில்லை.

"தெரியாத ஆக்களெண்டால் எழுதலாம் பிள்ளை," என்றார். "உவங்களை எனக்குத் தெரியும்."