ஹெட்போனுக்கு நான் வைத்த தேர்வு

என் வலது காதுக்குள் பூஞ்சை வளர்ந்திருப்பதாகப் பெரம்பலூர் காது டாக்டர் சொன்னார். எப்போது சரியாகும் என்றுதான் யாரும் முதலில் கேட்பார்கள். நான், "அப்ப பஸ்ஸுல பாட்டு எப்படி டாக்டர் கேக்குறது?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். ஐம்பதை நெருங்கும் ஒரு டீச்சரிடமிருந்து அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அவருக்கு என் பயணம் தெரியாது. வீடு குரும்பலூரில், வேலை அரியலூரில் ஓர் அரசுப் பள்ளியில். அறிவியல் ஆசிரியை. குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூருக்கு இன்னொரு பஸ். போக வர நாளுக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே கழியும். சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் வழிநெடுக ஹாரன் அடித்துக்கொண்டு வரும். டிரைவர் தலைக்கு மேலிருக்கும் ஸ்பீக்கரில் அவருக்குப் பிடித்த பாட்டு மட்டும் ஓடும். பின்சீட்டில் எவராவது போனில் சீரியல் பார்ப்பார்கள், ஊருக்கே கேட்கிற மாதிரி. இதற்கு நடுவில் கொஞ்சம் நாதஸ்வரமோ, யாராவது நிதானமாகப் படிக்கும் கதையோ கேட்டுக்கொண்டு போனால்தான் முதல் பீரியடில் மின்னோட்டம் நடத்தும் பொறுமை எனக்கு மிஞ்சும்.

"காதுக்குள்ள சொருகுறது இனிமே வேணாம்மா. காதுக்கு மேல உக்கார்ற மாதிரி வரும்ல, அத வாங்கிக்குங்க" என்று சொல்லி டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

காதையே மூடும் பெரிய கிண்ணம் மாதிரியானதும் இருக்கிறது என்று தெரியும். ஆனால் மே மாதத்தில் அதை மாட்டினால் காதில் குழம்பு கொதிக்கும். கண்டக்டர் கூப்பிடுவதும் கேட்காது. கைப்பைக்குள்ளும் அடங்காது. அதனால் காதின்மேல் லேசாக உட்காரும் சின்னது, ஆனால் தரமானது என்று முடிவு செய்தேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் முதலில் கேட்டேன். கடைக்காரர் சீல் பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார்.

"மாட்டிப் பாக்கலாங்களா?"

"பிரிச்சா எடுத்துக்கணும் மேடம்."

"கேக்காம எப்படிங்க எடுக்கறது?"

"டப்பாவுலயே போட்டிருக்குல்ல, சூப்பர் சவுண்டுன்னு."

முப்பது மாணவிகளின் விடைத்தாளைப் பிரிக்காமலேயே மார்க் போடச் சொல்வது போலிருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர்தான் அரியலூர் கடைவீதியில் ஒரு கடையைச் சொன்னார். அதன் முதலாளி முன்பு கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் மைக் செட் கட்டியவர். கேட்காமல் எதையும் விற்க மாட்டாராம். ஒரு சனிக்கிழமை அங்கே போக முடிவு செய்தேன்.

போகுமுன் முறைப்படி தயாரானேன். ஒரு தாளில் கோடு போட்டு மதிப்பெண் பிரித்தேன். ஒலித் தெளிவுக்கு நாற்பது, காது வலிக்காமல் இருப்பதற்கு முப்பது, சத்தம் வெளியே கசியாமல் இருப்பதற்கு இருபது, நீடித்து உழைப்பதற்குப் பத்து. போனில் நான்கு ஒலிப்பதிவுகளை வரிசையாகச் சேர்த்தேன். முதலாவது நாதஸ்வரம். இரண்டாவது ஒரு பெண் படிக்கும் கதை. மூன்றாவது எங்கள் பள்ளிப் பிரேயரில் மாணவிகள் அத்தனை பேரும் சேர்ந்து பாடியது.

நான்காவது என் கணவரின் குறட்டை.

அது கேலிக்காகச் சேர்த்தது இல்லை. பெரிய சத்தமும் மிகச் சின்ன சத்தமும் மாறி மாறி வரும் பதிவு வேறு என்னிடம் கிடையாது. ஒரு குறட்டைக்கும் அடுத்ததுக்கும் இடையில் சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக் வரும், எங்கோ ஒரு காகம் கத்தும். நல்ல கருவி இதையெல்லாம் பிரித்துக் காட்ட வேண்டும்.

பதிவுக்குப் பின்னால் ஒரு வழக்கும் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அவர் எறையூர்ப் பக்கம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். தான் குறட்டையே விடுவதில்லை என்பது அவர் கட்சி. ஒரு ஞாயிறு மதியம், கறிக்குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படுத்திருந்தபோது பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்தேன். எழுந்ததும் கேளுங்கள் என்றேன். "எவன் சத்தத்தையோ புடிச்சிக்கிட்டு வந்து எம் பேருல எழுதாத" என்று சொல்லிவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போனவர்தான், அதை அவர் கேட்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவர்தான் என்னை பைக்கில் அரியலூருக்கு அழைத்துப் போனார். என்னைக் கடையில் விட்டுவிட்டு, தன்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவரைப் பார்க்கப் போனார். "நீ பாத்துக்கிட்டு இரு, நான் வந்துடுறேன்."

கடைக்காரர் என் தாளை வாங்கிப் படித்துவிட்டு மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். "இத்தன வருசத்துல கொஸ்டின் பேப்பரோட வந்தது நீங்கதான் டீச்சர்." மூன்று ஹெட்போன்களை மேஜைமேல் வைத்தார்.

முதலாவதை மாட்டியதும் மண்டைக்குள் தவில் அடித்தது. நாதஸ்வரத்தைத் தேட வேண்டியிருந்தது. தவிர, என் காதில் ஏற்கெனவே நெரிசல். தோடு, அதன் திருகாணி, மாட்டல், கண்ணாடியின் காம்பு. இதற்கு மேல் ஐந்தாவதாக இது வந்து உட்கார்ந்ததும் திருகாணி காதுக்குப் பின்னால் ஆணி மாதிரி இறங்கியது.

"தோட்டக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்களேன்" என்றார் கடைக்காரர்.

"தெனமும் பஸ்ஸுல கழட்டி எங்கங்க வைக்கிறது? இது தோட்டோட பாஸ் ஆகணும்."

இரண்டாவது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. ஆனால் நான் கதை கேட்டுக்கொண்டிருக்கும்போது, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற கடைக்காரரும், கதையில் வரும் மாமியார் இப்போது என்ன சொல்லப் போகிறாள் என்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கசிவுக்கு இருபதில் சைபர்.

மூன்றாவதில் எல்லாமே அதனதன் இடத்தில் இருந்தது. பிரேயர் பாட்டில் ஒரு சிறுமி ஒரு வரி முன்னாலேயே பாடிவிட்டு நிறுத்துகிறாள். இத்தனை நாள் அது எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்து யாரோ தும்முவதும் கேட்டது. ஆனால் காதின்மேல் அழுத்தும் சாமான் ஐந்து நிமிடத்தில் வலி காட்டாது. ஒரு பஸ் பயணம் அளவுக்கு மாட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

"ஒரு மணி நேரம் மாட்டியிருக்கட்டுங்களா?"

"சேர் போடுறேன், உக்காருங்க டீச்சர்."

கல்லாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். அதுதான் வினையானது. வருகிறவர்களெல்லாம் என்னைக் கடை ஆள் என்றே நினைத்தார்கள். ஒருவர் சார்ஜர் கேட்டார். ஒரு அம்மா போன் கவரில் மயில் படம் போட்டது இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மயில் கவர் என் தலைக்கு மேலேயே தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா, "பரவால்ல, இந்த வயசுலயும் வேலைக்கு வர்றீங்களே" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் முடியப் போகும்போது என் கணவர் வந்தார். காது வலிக்கவில்லை. மகிழ்ச்சியில், "நீங்களும் கேட்டுப் பாருங்க" என்று கழற்றி அவர் தலையில் மாட்டி நாதஸ்வரத்தை ஓடவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன். என் விரல் பட்டது நான்காவது பதிவின்மேல்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். புருவம் சுருங்கியது. காதில் ஹெட்போன் இருப்பவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினார்.

"இது என்னா, ஆலையில எடுத்ததா?"

எனக்கு அப்போதுதான் போனின் திரை கண்ணில் பட்டது. நிறுத்தக் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

"இரு, இரு. நீராவி லைன்ல எங்கியோ அடைப்பு இருக்கு. இழுக்குது... இழுக்குது... வுட மாட்டேங்குது... இந்தா, இப்ப வுடுது பாரு. வால்வு தேஞ்சி போச்சு."

சாப்பாட்டை முடித்துவிட்டு வந்த கடைக்காரர் ஆர்வமாகிவிட்டார். "எந்த மெஷினுங்க சார்?"

"பழைய மெஷினுங்க. அம்பது வருசத்துக்குக் கொறையாது. எவனும் ஒழுங்கா சர்வீஸ் பண்ணல. இத இப்படியே ஓட வுட்டா ஒரு நாளு பொசுக்குன்னு நின்னுடும்."

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சிரிப்பதா கடையை விட்டு ஓடுவதா என்று தெரியாமல் நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பதிவின் முடிவில் என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் என் குரல்: "என்னங்க, கொஞ்சம் திரும்பிப் படுங்களேன்." பிறகு அவர் குரல்: "நான் எங்க தூங்குனேன்? முழிச்சிக்கிட்டுதான் இருக்கேன்." மூன்று விநாடி கடிகாரச் சத்தம். பிறகு அந்த மெஷின் மறுபடி ஓடும்.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரல் வந்த இடத்தில் கண்ணைச் சுருக்கினார். தன் குரல் வந்த இடத்தில் வாய் லேசாகத் திறந்தது. கடைசிவரை கேட்டார். பிறகு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி, உடைந்துவிடும் என்பது போல மேஜைமேல் வைத்தார்.

"சவுண்டு எப்படி சார் இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"தெளிவா இருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரொம்பத் தெளிவா இருக்கு. எங்களுக்கு இவ்வளவு தெளிவு வேணாம். வேற காட்டுங்க."

நான் அதையே பெட்டியில் போடச் சொன்னேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. எங்கள் வகுப்பில் அந்த வருடம் யாரும் வாங்காத மார்க்.

திரும்பும்போது பாதி வழியில், ரோட்டோரம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி இரண்டு டீ சொன்னார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தெனமும் இப்படித்தானா?"

"தெனமும்தான்."

"இருபத்திரெண்டு வருசமாவா?"

"மொத ஒரு வருசம் இவ்வளவு இல்ல."

"ஏன் சொல்லல?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கே தெரிந்தது. "சொன்ன. நாந்தான் காதுல வாங்கல" என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நடுவுல மூச்சு நின்னுட்டு நின்னுட்டுத்தான் வருது. கேட்டேன். அது நல்லதுக்கு இல்ல" என்றார். அதைச் சொன்னது அவருக்குள் இருந்த ஃபிட்டர். எத்தனையோ முறை பக்கத்தில் படுத்துக் கேட்டும், அது நிற்பதைப் பற்றி எனக்குக் கவலைப்படத் தோன்றியதே இல்லை. எப்போது மறுபடி ஆரம்பிக்கும் என்ற எரிச்சல்தான் இருந்தது. டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

அடுத்த வாரமே என் காது டாக்டரிடம் போனோம். மூக்கும் அவர் இலாகாதான். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, எடையும் கூடியிருக்கிறது என்று இரண்டையும் சொன்னார். என் கணவர் திருச்சியில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்துகொண்டார். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். குறட்டை முழுசாகப் போகவில்லை. ஆனால் இப்போது அது நிற்காமல் ஒரே சீராக வருகிறது, அடுத்த அறைவரை போவதும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்த பத்து நாளில் பொழுது போகவில்லை என்று ஹெட்போனைக் கேட்டார். கொடுத்தேன். அவருக்கு நாதஸ்வரமும் வேண்டாம், கதையும் வேண்டாம். பழைய காமெடிகளைப் போட்டுக் கேட்க ஆரம்பித்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன், திடீரென்று கூடத்திலிருந்து ஹோவென்று ஒரு சிரிப்பு வெடிக்கும். பேனா எகிறி ஒரு மாணவியின் தாளில் நீளக் கோடு விழும். "மெதுவாச் சிரிங்க" என்றால், "என்னா சொன்ன?" என்று அதைவிடச் சத்தமாகக் கேட்பார்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் திருப்பித் தரவில்லை. ஆலைக்குப் போகும் பஸ்ஸில் எப்போதும் அது அவர் கழுத்தில்தான் இருக்கிறது. நான் போன சனிக்கிழமை அதே கடைக்குத் தனியாகப் போய் அதே மாதிரி இன்னொன்று வாங்கினேன். கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "சார் மெஷினு சரி பண்ணிட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன்.