வயண மரமும் வாயில்லாப் பூச்சியும்

கண்காட்சித் திறப்பு நாளுக்கு முந்தின காலை ஷோகேஸைத் திறந்தால், உலர்த்திக் குத்தி வைத்திருந்த பூச்சியைக் காணோம். குண்டூசி மட்டும் நின்றது. அடியில் இறக்கைத் துண்டுகள், எறும்பு வரிசை. நாப்தலின் உருண்டை போட மறந்தவன் நான்தான்.

அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு மியூசியத்தில் லேபிள் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. அந்தப் பெட்டியில் இடப்பக்கம் பட்டை வாசனை வீசும் வயண மரக்கிளை, வலப்பக்கம் புழுவாக இருக்கையில் அதன் இலையைத் தின்று வளரும் பெரிய அட்லஸ் அந்துப்பூச்சி. நடுவில் இரண்டையும் ஒப்பிட்டு நான் எழுதிய அட்டவணை. மரம் பல்லாண்டு வாழும், பூச்சிக்கு ஒரு வாரம். மரம் வேரால் உண்ணும், பூச்சிக்கு வாயே கிடையாது.

மலையாளியான மியூசியம் சூப்ரண்ட் பெட்டியைப் பார்த்தார். “ஸ்வாமி, நாளை பத்து மணிக்குப் பெரிய ஆபீசர் வரும். பூச்சி எவிடேன்னு கேட்டா உம்மைத்தான் காட்டுவேன்.”

அன்று முழுக்க வேறொரு அட்லஸைத் தேடித் தோட்டம் தோட்டமாக அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் விடிந்ததும் அடுக்களையிலிருந்து என் மனைவி அலறினாள். “ஏன்னா, ஓடி வாங்கோ! இலைக்கட்டுல ரெண்டு பாம்பு தலையை நீட்டிண்டிருக்கு!”

கார்த்திகைக்குத் தெரளிக் கொழுக்கட்டை அவிக்கச் சாலைக் கடைத்தெருவில் வாங்கி, கிளையோடு தொங்கவிட்டிருந்த வயண இலைக்கட்டு அது. பாம்புத் தலைகளாகத் தெரிந்தவை இறக்கை நுனிகள். இலைகளுக்குள் இருந்த கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த அட்லஸ், இரண்டு உள்ளங்கை அகலம்! நான் அங்கேயே குதித்து, இலைக்கட்டைக் கழற்றினேன்.

“பாம்பைப் பார்த்துக் கூத்தாடற மனுஷரை இன்னிக்குத்தான் பாக்கறேன். இலையைக் கொண்டுபோனா தெரளிக்கு நான் என்ன பண்ணட்டும்?”

 இலைக்கட்டைக் குடையால் மூடிக்கொண்டு ஜட்காவில் ஏறினேன்.

பத்து மணிக்கு, பூச்சியைக் கிளையோடு வைத்திருந்த திறந்த பெட்டிக்குள் ஆபீசர் குனிந்து பார்த்தார். பூச்சி சாவதானமாக நடந்து அவர் தலைப்பாகையில் ஏறி இறக்கையை விரித்தது. 

“கடிக்குமா?” என்றார், உதடு அசையாமல்.

“கடிக்க வாயில்லை சார். லேபிள்ல எழுதியிருக்கேன்.”

முதலில் சிரித்தவர் அவர்தான். அந்த வாரமே என் வேலை நிரந்தரமானது.

திறப்பு முடிந்ததும் பூச்சியைக் கம்பிவலைக் கூண்டில் மியூசியம் ஜன்னலோரம் வைத்திருந்தோம். அடுத்த நாள் காலை ஜன்னலுக்கு வெளியே இன்னும் இரண்டு அட்லஸ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உணர்கொம்புகள் அகன்ற சீப்பு மாதிரி. அதனால் இரண்டும் ஆண்.

“எந்தா ஸ்வாமி, பெண் பார்க்க வந்திருக்கா?” சூப்ரண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகுதான் விளக்கினார். கூண்டிலிருப்பது பெண். அது விடும் வாசனை நமக்குத் தெரியாது. ஆண்களுக்கு வெகு தூரத்திலிருந்தே தெரியும்.

அட்டவணையின் கடைசி வரியில் நான் எழுதியிருந்தது: “மரத்துக்கு வாசனை உண்டு, பூச்சிக்கு இல்லை.” அட்டையைக் கழற்றி அந்த வரியை அடித்தேன். என் மூக்குக்கு எட்டாத எதையும் அதற்குப் பிறகு ‘இல்லை’ என்று லேபிளில் எழுதியதில்லை.