மெதுவாகச் சொன்ன பதில்

டின் மூடி அடிக்கும் பட்டறையில் அவ்வளவு வருஷம் பிரஸ் மிஷின் ஓட்டியவரிடம் போய் மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்ல முடியுமா? தகடு நசுங்கும் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய தொண்டை. பட்டறையில் அவருக்கு ‘இடி’ என்றுதான் பெயர். அந்த இடிக்கே காது அடைத்துப்போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவரும் கூடச் சிரித்தார்.

மனைவி போனபிறகு வீட்டில் அவர் ஒருத்தர்தான். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். முதலில் தினமும் போன் பண்ணினாள். அவள் ஒன்று கேட்க, இவர் ஒன்று சொல்ல, “ஆங்? ஆங்?” என்று கத்த, தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பிறகு எழுதி அனுப்ப ஆரம்பித்தாள். ‘சாப்டீங்களாப்பா?’ ‘மாத்திரை போட்டீங்களா?’ இவர் எழுத்தைத் தேடித் தேடி ‘ம்’ என்று அனுப்புவார். மகள் அக்கறையாகத்தான் இருந்தாள். ஆனால் அவருக்கு அவள் குரல் வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் காது மிஷின் வாங்கப் போனார். விலையைக் கேட்டதும் எழுந்துவிட்டார். கடைக்காரர் விடுவாரா? கடை மூலையிலேயே மேஜை போட்டிருந்த பைனான்ஸ்காரரிடம் உட்காரவைத்து, மாதத் தவணைக்குக் கையெழுத்து வாங்கிப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார். காதில் மாட்டிக் காட்டியது கடையின் மாதிரி மிஷின். கொடுத்தது சீல் பிரிக்காத புதுசு.

வீட்டில் மாட்டினார். குழாய் சொட்டுவது கேட்டது. பிரிட்ஜ் முனகுவது கேட்டது. சட்டைக் கை உரசுவதுகூடக் கேட்டது. மனுஷன் பூரித்துப்போனார். மகளிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. அவளாகக் கூப்பிடும்போது சர்வசாதாரணமாக “சொல்லும்மா” என்று அசத்த வேண்டுமாம். கிறுக்கு ஆசை. இவருக்குக் கேட்காது என்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று இவர் காத்திருந்தார். பட்டறைக்குப் போகும்போது மிஷினைக் கழற்றி வைத்துவிடுவார். மளிகைக் கடையிலும் பேச வேண்டியதில்லை, சாமானை எடுத்து வைத்தால் விலையைத் திரை காட்டிவிடும். டிவி எப்போதோ கெட்டுக் கிடந்தது. மாதங்கள் போயின, தவணையும் தவறாமல் போயிற்று.

மகள் ஒருநாள் நேரிலேயே வந்தாள். வாசலில் நின்று “அப்பா” என்றாள். மிஷின் கொய்ங் என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி அடங்கியது. சின்னச் சத்தங்களையெல்லாம் அள்ளிக் கொடுத்த மிஷின், மனுஷக் குரல் வந்தால் மட்டும் படுத்துக்கொண்டது. அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவ்வளவு நாள் காத்திருந்தது இதற்குத்தானா?

காதிலிருந்த மிஷினைப் பார்த்து விவரம் கேட்ட மகள், அவரைக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

“வாங்கின மாசமே சொல்லியிருக்கணும்மா. உங்கப்பா கீழ போட்டிருப்பாரு” என்றார் கடைக்காரர்.

பைனான்ஸ்காரர் சுலபமாகக் கைவிரித்தார். “நாங்க பணம் குடுத்தவங்க. பொருளுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?”

இரண்டு பேர் சொன்னதையும் மகள் எழுதிக் காட்ட, அவர் கத்தினார். “காது மிஷினை வித்துட்டு என் காதுலயே பூ சுத்துறானுங்களா? இனிமே தவணை கட்டமாட்டேன், போ!”

நுகர்வோர் குறை கேட்கும் அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மாதான் அதைத் தடுத்தார். “தவணைய நிறுத்திராதீங்க. அப்புறம் பழி உங்க மேல வந்துரும். கடையே உக்கார வெச்சுக் கடன் வாங்கிக் குடுத்திருக்கு, அதனால ரெண்டு பேரும் பதில் சொல்லணும். ரெண்டு பேருக்கும் எழுத்துல புகார் குடுங்க.”

விசாரணை அன்று சின்ன ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் லீவு போட்டு வந்து, அவர் பக்கத்தில் காகிதமும் பேனாவுமாக இருந்தாள். கடைக்காரர் பிடித்த பிடியிலேயே நின்றார். கெட்ட மிஷினை ஒருத்தர் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு சும்மா இருப்பாரா, இடையில்தான் உடைத்திருக்கிறார் என்றார். அதிகாரியம்மா கேட்டதை மகள் எழுதிக் காட்டினாள். ‘இத்தனை மாசம் உங்களுக்கு ஏன் தெரியலைன்னு கேக்கறாங்கப்பா.’

அவர் காகிதத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பதில் தெரியும். அதைச் சொல்லாவிட்டால் மிஷின் போயிற்று, அவள் குரலும் போயிற்று. சொன்னால் அவள் மனசு என்ன பாடுபடும்? யோசித்தார். பிறகு எழுந்து அதிகாரியம்மாவின் மேஜைக்குப் போனார். மகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, வாயருகே கையை வைத்துக்கொண்டு, ரகசியமாகச் சொன்னார்.

“எங்கிட்ட யாரும் பேசலம்மா.”

ரகசியம் என்பது அவர் நினைப்பு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் கையில் பேனா அப்படியே இருந்தது.

கடையும் பைனான்ஸும் சேர்ந்து வேறு மிஷின் கொடுத்தன. இப்போது மகள் தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். சில நாள் சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் போனை வைப்பதில்லை. புது மிஷின் நல்ல மிஷின், அதனால்தான் கூப்பிடுகிறாள் என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு மேஜையருகே சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது என்றுதான் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்.