இரண்டு நிஜம், ஒரு பொய்

மூன்றாம் நாளும் பந்துதான். முதல் நாள் வட்டமாக நின்று பந்தை எறிந்து பேர் சொன்னோம். மறுநாள் பேரோடு பிடித்த பழத்தையும் சொன்னோம். எனக்கு வயது நாற்பத்தாறு. தம்பானூரில் ஒரு லாட்ஜில் பெருக்கித் துடைத்துவிட்டு, வலிக்கிற இடுப்போடு பழவங்காடியில் இருக்கிற வகுப்புக்கு நடந்து வருவது பலாப்பழம் என்று சொல்லிவிட்டுப் போவதற்கா? எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மலையாள வகுப்பு மொத்தமே பத்து நாள். லாட்ஜில் எங்களை மேய்க்கும் சூப்பர்வைசர் அம்மா இந்த மாதத்தோடு நிற்கிறார். அந்த வேலை எனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"ஆனா ரெஜிஸ்டர் மலையாளத்துலயாக்கும். வாசிக்கத் தெரியணும், கேட்டோ. இல்லேன்னா நேத்து சேர்ந்த பொண்ணுக்குத்தான்."

நான் திருநெல்வேலிப் பக்கத்தில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். மலையாளம் பேசுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. இங்கே எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான். பேச்சைக் கேட்டு யாருக்கும் சந்தேகம் வராது. எவராவது காகிதத்தை நீட்டினால், "கண்ணாடி வீட்ல இருக்கு" என்போம். முதல் நாளே டீச்சரிடம் உடைத்துச் சொல்லியிருக்கலாம். மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வகுப்பில் மற்றவர்கள் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களைப் பேச வைக்கத்தான் இந்த விளையாட்டெல்லாம். அன்றைக்குப் புது விளையாட்டு: நம்மைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும், அதில் ஒன்று பொய். எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

என் முறை வந்தது. இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் என்றேன். பதினெட்டு வருஷமாக ஒரே லாட்ஜில் வேலை என்றேன். மலையாளம் நன்றாக வாசிப்பேன் என்றேன். கடைசியைச் சொல்லும்போது டீச்சர் முகத்தையே பார்த்தேன், இப்போதாவது புரியட்டும் என்று.

"முதல்ல சொன்னதுதான் பொய்! மோள் இவிடெ ஜனிச்ச ஆளல்லே!" என்றார் டீச்சர். நான் இங்கேயே பிறந்தவளாம். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ரிட்டயரான பள்ளிக்கூட டீச்சர் அவர். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இத்தனை நல்லா பேசுறியே, அடுத்த விளையாட்டை நீயே எல்லாருக்கும் வாசிச்சுச் சொல்லு."

"கண்ணாடி வீட்ல இருக்கு டீச்சர்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் சிரித்தபடி தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு சுழியும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு மண்ணும் விளங்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"டீச்சர், மூணாவதுதான் பொய். எனக்கு வாசிக்கத் தெரியாது. அதுக்குத்தான் வந்தேன்."

"கொள்ளாம்! எல்லாரையும் பற்றிச்சல்லோ!" கை தட்டினார். எல்லோரையும் ஏமாற்றி நான் ஜெயித்துவிட்டேனாம். பரிசாகப் பந்து என்னிடம் பறந்து வந்தது. அடுத்தவருக்கு எறியச் சொன்னார்.

நான் எறியவில்லை. மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"முதல் எழுத்தைப் போர்டுல எழுதுங்க டீச்சர். அப்புறம் தாரேன்."