இருட்டுக் கட்சி

சில ஆண்டுகளுக்கு முன், மலேசியாவின் கிள்ளானில் ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அன்று திடீரென்று காய்ச்சல் வந்திருந்தது. காரணம், பல வாரங்களாக நாங்கள் பைத்தியம்போலப் பார்த்துவந்த ஓர் ஆங்கில மாயாஜாலத் தொடரின் பெரும்போர் அன்றுதான் ஒளிபரப்பானது. அமெரிக்காவில் ஞாயிறு இரவு என்றால் நமக்குத் திங்கள் காலைதானே! மற்றவர்கள் டாக்டரிடம் சீட்டு வாங்கி எம்.சி. எடுத்தார்கள். நான் நேர்மையாக ஆண்டு விடுப்பே எடுத்து, பக்கத்து ஊரான காப்பாரில் என் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

அரக்கர் படை கோட்டையைச் சூழ்ந்துகொண்டு விடிய விடிய நடத்தும் போர் அது. எனக்கோ திரையின் நடுவில் எரிந்த தீயும் இரண்டொரு முகங்களும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. திரைச்சீலையை இழுத்து மூடினேன், டிவியின் பிரைட்னஸைக் கூட்டினேன். ம்ஹூம். எரிச்சல் தாங்காமல், 'கரண்டு பில் கட்டாமல் போருக்குப் போய்விட்டார்களா?' என்று எங்கள் வாட்சப் குழுவில் எழுதிப் போட்டேன்.

அவ்வளவுதான், குழு பற்றிக்கொண்டது. என் பள்ளித் தோழிகளும் அவர்கள் வீட்டாரும் இருக்கும் சின்னக் குழு அது. பெரும்பாலோர் என் பக்கம். உலகம் முழுக்க இதையேதான் புலம்புகிறார்கள் என்று ஆளாளுக்கு ஆதாரம் காட்டினார்கள். எங்களுக்கு 'இருட்டுக் கட்சி' என்று பெயர்கூட வைத்துக்கொண்டோம். எதிர்க்கட்சியில் ஒரே ஒரு ஆள், என் நெருங்கிய தோழியின் தம்பி. இருட்டு வேண்டுமென்றே வைத்ததுதான், போரில் சிக்கியவனுக்கு என்ன தெரியுமோ அதுதான் நமக்கும் தெரியவேண்டும் என்பது அவன் கட்சி. அவன் வக்கீல் வேறு. 'இருட்டு' என்று பொதுவாகச் சொன்னால் விடமாட்டான். எந்தக் காட்சியில், திரையில் எந்த இடத்தில் என்று குறுக்கு விசாரணை செய்வான். நானும் சளைக்காமல் பதில் எழுதினேன். என் கட்சிக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்து. கடைசியில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தோழி வீட்டுப் பெரிய டிவியில் எல்லோரும் சேர்ந்து இன்னொரு முறை பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்று முடிவானது. தோற்ற கட்சி எல்லோருக்கும் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தரவேண்டும். சனிக்கிழமை நண்பகல் நானே காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

விளக்கை அணைத்து, திரைச்சீலையை மூடியதும் படம் ஓடியது. கோட்டை மதில் காட்சி வந்ததும் தம்பி படத்தை நிறுத்தினான்.

"இப்ப சொல்லுங்க அக்கா. என்ன தெரியுது?"

"தீ தெரியுது. அந்தப் பொண்ணு மூஞ்சி தெரியுது. வேற ஒண்ணுமே இல்ல, பாத்தியா!" என்றேன் வெற்றிப் பெருமிதத்தோடு.

என் கட்சி கைதட்டும் என்று பார்த்தால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தோழிதான் மெல்லச் சொன்னாள். "இருட்டாதான் இருக்குடி. ஆனா ஓரத்துல ஏணி வச்சு ஏறுறாங்களே, அது தெரியலையா?"

"தம்பின்னதும் கட்சி மாறிட்டியா?" என்று அவளைக் கிண்டல் செய்தேன்.

என் கட்சிக்கே ஏணி தெரிகிறது என்றால் தம்பி ஜெயித்த மாதிரிதான். அவன் குணத்துக்கு எழுந்து ஆடியிருக்க வேண்டும். ஆனால் அவன் போய் விளக்கைப் போட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கார் ஓட்டும்போது மோட்டார் சைக்கிள்லாம் திடீர்னு பக்கத்துல வந்து நிக்குற மாதிரி இருக்கா?"

"காப்பார் ரோட்டுல மோட்டார்க்காரனுங்க எல்லாம் அப்படித்தான் லா. எங்கேருந்துதான் முளைப்பானுங்களோ!"

சொல்லிவிட்டுத்தான் மனசுக்குள் கணக்குப் பார்த்தேன். அண்மைக் காலமாக நான் திட்டாத மோட்டார்க்காரர் கிடையாது.

"எல்லாரும் இருட்டுன்னுதான் சொன்னாங்க. நீங்க தெரியலன்னு சொன்ன இடம் எல்லாமே ஓரம். நடுவுல ஒரு தடவைகூட இல்ல. எனக்கு டாக்டர் வேலை தெரியாது அக்கா. ஆனா கண்ணைக் காட்டிருங்க. அதுவரைக்கும் கார் ஓட்டாதீங்க" என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாதத்தில் ஜெயித்தது போதாதென்று என்னைக் குருடி என்கிறானே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் காரிலேயே என்னைக் காப்பாரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, என் கணவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பேருந்தும் ரயிலும் பிடித்துத் திரும்பிப் போனான்.

கண் மருத்துவர் சொன்னது கிளாகோமா. கண்ணின் அழுத்தம் கூடி, நரம்பு கெட்டு, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. வலி இருக்காதாம். தெரியாத இடத்தை மூளையே எதையாவது போட்டு நிரப்பிவிடுவதால் ஆளுக்கே தெரியாதாம். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். நான் யாரையும் இடிக்காமல் இருந்தது என் சாமர்த்தியம் இல்லை, அந்த மோட்டார்க்காரர்கள் ஒதுங்கிப் போனதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

இப்போது நான் கார் ஓட்டுவதில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறுவதில்லை. அந்தப் போர் இருட்டா இல்லையா என்ற சண்டையும் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. சத்தியமாக அது இருட்டுதான், அதனால்தான் என் கண்ணின் குறை அதற்குள் அத்தனை சுலபமாக ஒளிந்துகொண்டது. என் பக்கம் நின்ற தோழிகளுக்கு என்மேல் பாசம் குறைவு என்று சொல்லவே மாட்டேன். ஆனால் நான் சொன்னதும் "ஆமாம்" என்று சொல்லி அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். என்னை மறுப்பதற்காகவாவது என் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவன் ஒருவன் இருந்ததால்தான் இன்று எனக்கு இந்தப் பார்வையாவது மிஞ்சியிருக்கிறது.